முழங்கை வழக்கு

லண்டன் லோர்ட்ஸ் மைதானம், 1822 ஜூலை 15. கென்ட் அணிக்காகப் பந்தெடுத்தவர் ஜோன் வில்ஸ். அந்தக் காலத்தில் கையைத் தாழ்த்தித்தான் பந்து போடவேண்டும். வில்ஸோ கையைப் பக்கவாட்டில் தோள்வரை தூக்கி வீசினார். இந்த வித்தையை அவர் தங்கை கிறிஸ்டியானாவிடம் பிடித்துக்கொண்டார் என்றொரு கதை உண்டு. அகன்ற பாவாடை இடைஞ்சல் செய்ததால், வீட்டில் அண்ணனுக்குப் பந்து போடும்போது அவள் கையைத் தூக்கிப் போட்டாளாம். அந்தக் காலத்து மோஸ்தரில் அத்தனை அகலப் பாவாடையே கிடையாது என்று பிற்கால ஆய்வாளர்கள் கதையைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் நடுவர் அன்று 'நோ போல்' என்றதைத் தள்ள முடியாது. கோபத்தில் வில்ஸ் பந்தைப் போட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார் என்கிறார்கள். அவர் போனார், கையைத் தூக்கும் ஆசை போகவில்லை.

1835இல் தோள் உயரம்வரை கையைத் தூக்கலாம் என்று சட்டம் இறங்கிவந்தது. உடனே பந்துவீச்சாளர்கள் தோளுக்கு மேலே ஏற்றத் தொடங்கினார்கள். 1862 ஓகஸ்டில் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் என்பவரை ஜோன் லில்லிவைட் என்ற நடுவர் அடுத்தடுத்து ஆறு தடவை 'நோ போல்' என்றார். இருவரும் நண்பர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. வில்ஷரும் அவருடைய அணியின் தொழில்முறை ஆட்டக்காரர்களும் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். மறுநாள் ஆட்டம் நடந்தது, ஆனால் லில்லிவைட் இல்லை. அவருக்குப் பதில் வேறொரு நடுவர் நின்றார். இரண்டு வருடம் கழித்து, 1864இல், கையை எவ்வளவு உயரத்துக்கும் தூக்கலாம் என்று சட்டமே மாறியது. கை எவ்வளவு உயரலாம் என்ற பஞ்சாயத்து அதோடு முடிந்தது. அந்தக் கை நேராக இருக்கவேண்டுமா, மடங்கி நிமிரலாமா என்ற பஞ்சாயத்து முடிய இன்னும் 140 வருடம் கிடந்தது.

இடையில் கதை கடல் கடந்து மெல்பேர்ணுக்குப் போகிறது. அங்கேயும் ஒரு வில்ஸ், பெயர் டொம். கென்ட் வில்ஸுக்கு இவர் உறவில்லை. இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் படித்துத் திரும்பிய இவர் விக்டோரியாவின் முன்னணிக் கிரிக்கெட் வீரர். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் உடம்பை ஊதவிட்டுக் கிடக்கிறார்கள், உதைபந்தாட்டக் கழகமொன்று வேண்டும் என்று 1858 ஜூலையில் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் மே 17ஆம் தேதி, மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஹோட்டலில் டொம் வில்ஸும் கூட்டாளிகள் சிலரும் உட்கார்ந்து பத்து விதிகளை எழுதினார்கள். மெல்பேர்ணில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று 'ஃபூட்டி' என்று சொல்லி ஓடுகிற அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் பிறந்தது அந்த மேசையில்தான்.

விதிகளைப் பார்த்தால் அந்த ஆட்களின் கவலை தெரியும். ஓடுகிறவனைத் தடக்கி விழுத்தலாம், தள்ளலாம். ஆனால் ரக்பி பள்ளிப் பையன்கள் செய்வதுபோல எதிராளியின் முன்னங்காலில் உதைப்பது கூடாது. மெல்பேர்ண் தரை இறுகியது, ஆடுகிறவர்கள் மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள், கால் முறிந்தால் சம்பளம் யார் கொடுப்பது? இது பாதுகாப்புக்காக எழுதிய விதி. பத்தாவது விதி நியாயத்துக்காக எழுதியது. ஆட்டம் நடக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் பந்தைக் கையால் எறியக்கூடாது. இன்றைக்கும் அந்த ஆட்டத்தில் பந்தை ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தித்தான் அனுப்பவேண்டும். குத்தினானா எறிந்தானா என்று நடுவர் ஒரு நொடிக்குள் தீர்மானிக்கவேண்டும். எறியக்கூடாது என்று எழுதிய அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர் டொம் வில்ஸ். 1872இல் விக்டோரியாவுக்காகக் கிரிக்கெட் ஆடியபோது அவர்மேலேயே அந்தக் குற்றச்சாட்டு திரும்பியது. பந்தை எறிகிறார் என்று நடுவர் 'நோ போல்' சொன்னார். அவுஸ்திரேலியாவின் பெரிய ஆட்டமொன்றில் எறிதலுக்காகப் பிடிபட்ட முதல் ஆள் அவர்தான். அந்த ஊர் இத்தோடு விடவில்லை.

இதே கிரிக்கெட் சட்டப் புத்தகம் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. மிஷனரிமார் கட்டிய பள்ளிக்கூடங்களின் வழியாக வந்த கிரிக்கெட், 1904இல் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் முதல் தடவை மோதிக்கொண்டபோது ஊர்த் திருவிழாவாகிவிட்டது. வடக்கின் பெரும் சமர் என்று இன்றும் வருடாவருடம் நடக்கிற அந்த ஆட்டத்துக்கு வெள்ளை உடை நடுவர்கள் உண்டு. ஒழுங்கை ஆட்டங்களுக்கு அந்த வசதி இல்லை. தென்னை மட்டையும் ரெனிஸ் பந்தும் வைத்து ஆடுகிற பெடியள், "போடேல்லையடா, எறியிறான்" என்று கத்துவார்கள். தமிழ்நாட்டுத் தெருக்களில் அதற்கு 'மாங்கா' என்று பெயர். மட்டைக்குச் சொந்தக்காரன் எந்தப் பக்கமோ தீர்ப்பும் அந்தப் பக்கம். பெரிய மைதானங்களில் தீர்ப்பு இதைவிட நன்றாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

1960இல் லோர்ட்ஸில் தென்னாபிரிக்காவின் ஜெஃப் கிரிஃபின் ஹட்ரிக் எடுத்தார். அதே ஆட்டத்தில் எறிகிறார் என்று பதினொரு தடவை 'நோ போல்' வாங்கினார். டெஸ்ட் சீக்கிரமே முடிந்துவிட்டதால், வந்த கூட்டத்துக்காக ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். அதிலும் நடுவர் விடவில்லை. வெறுத்துப்போன கிரிஃபின் கையைத் தாழ்த்தி உருட்டிப் போட்டு ஓவரை முடிக்கப் பார்த்தார். அதற்கும் 'நோ போல்' வந்தது, ஏனென்றால் கைமாற்றத்தைத் துடுப்பாட்டக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லையாம். மூன்று வருடம் கழித்து பிரிஸ்பேனில் அவுஸ்திரேலியாவின் இயன் மெக்கிஃப் முதல் ஓவரிலேயே நான்கு தடவை பிடிபட்டார். அணித்தலைவர் அவருக்கு இரண்டாவது ஓவர் கொடுக்கவில்லை. அந்த ஆட்டத்தோடு மெக்கிஃப் ஓய்வும் பெற்றுவிட்டார். இருவரையும் யாரும் அளந்து பார்க்கவில்லை. நடுவரின் கண் போதும் என்று உலகம் நம்பியது. அந்த நம்பிக்கையைக் குலைக்கப்போகிற பிள்ளை 1972 ஏப்ரலில் கண்டியில் பிறந்தது.

முத்தையா முரளிதரன் பிஸ்கட் வியாபாரியின் மகன். குடும்பம் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த வழி. கண்டி சென் அந்தனீஸ் கல்லூரியில் முதலில் மிதவேகமாகத்தான் பந்து போட்டார். பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். அந்தக் கையில் மூன்று விசேஷங்கள் இருந்தன. மணிக்கட்டு நினைத்தபடி சுழலும். தோள்மூட்டு சாதாரண ஆட்களுடையதைவிட வேகமாகத் திரும்பும். முழங்கையோ பிறவியிலேயே முழுதாக நிமிராது. சட்டம் கேட்டதெல்லாம், மடங்கிய முழங்கை பந்தை விடும் தறுவாயில் நிமிரக்கூடாது என்பதுதான். நிமிரவே முடியாத கை நிமிர்ந்தது என்று யார் சொல்லப்போகிறார்கள்?

1995 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பற்றிப் பேச ஆளில்லை. ஒக்டோபர் 30ஆம் தேதி போருக்குத் தப்பி வலிகாமம் முழுதும் மூட்டை முடிச்சோடு செம்மணியும் நாவற்குழியும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இராணுவம் நகரத்தைப் பிடித்தது. பள்ளிக்கூட மைதானங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. குடாநாட்டில் மின்சாரம் போய் ஐந்து வருடமாகியிருந்தது. வானொலி கேட்க விரும்புகிறவர் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றவேண்டும். கொடிகாமத்திலோ சாவகச்சேரியிலோ யாரேனும் அந்த 26ஆம் தேதி அப்படிச் சுழற்றியிருந்தால், அவர் காதில் விழுந்த செய்தி விநோதமாக இருந்திருக்கும். சிங்களத் தலைவர் ஒருவர் ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக வெள்ளைக்கார நடுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நத்தாருக்கு மறுநாள் தொடங்குகிற மெல்பேர்ண் டெஸ்ட் அவுஸ்திரேலியர்களுக்கு ஒரு சடங்கு. 55,000க்கு மேல் கூட்டம். முரளியின் ஆரம்ப ஓவர்கள் ஒழுங்காகப் போயின. பிறகு, பந்து வீசுகிற முனையில் நின்ற நடுவர் டரல் ஹெயார் கையை விரித்தார். கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார்போல என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். எறிதலைப் பிடிக்கிறவர் வழக்கமாகப் பக்கவாட்டில், ஸ்குயர் லெக்கில் நிற்கிற நடுவர்தான், ஏனென்றால் முழங்கை அங்கிருந்துதான் தெரியும். ஹெயார் நின்றதோ பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால். மறுபடியும் கை விரிந்தது. மூன்று ஓவருக்குள் ஏழு தடவை. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வந்து பேசினார், வெளியே போய் ஆலோசித்துவிட்டும் வந்தார். முரளியை விலக்கிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் முரளியை மறுமுனைக்கு அனுப்பினார்.

மறுமுனையில் நடுவர் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன். அவர் வாயே திறக்கவில்லை. முழங்கை நன்றாகத் தெரிகிற பக்கவாட்டு இடத்துக்கு வந்துவிட்ட ஹெயாரும் இப்போது கையை விரிக்கவில்லை. தேநீர் இடைவேளையில், எந்த முனையிலிருந்து போட்டாலும் இனிச் சொல்லுவேன் என்று அவர் எச்சரித்ததாகச் செய்தி. ஆனாலும் முரளி அந்த முனையிலிருந்து மேலும் 32 ஓவர் போட்டார். ஒரே கை, ஒரே வீச்சு, ஒரே நாள். ஒரு முனையில் எறி, மறுமுனையில் பந்துவீச்சு.

ஹெயாரை வில்லனாக்கிக் கதை சொல்வது இலகு. இலங்கையில் பல வருடம் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அன்றைய சட்டத்தைத் திறந்து பார்த்தால், பந்தின் நியாயத்தில் நடுவருக்கு முழுத் திருப்தி இல்லையென்றால் அவர் உடனே 'நோ போல்' சொல்லவேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. சந்தேகம் வந்தால் பந்துவீச்சாளருக்குச் சாதகம் என்று அதில் இல்லை. ஹெயார் சட்டப்படி நடந்தார். கோளாறு சட்டத்தில் இருந்தது. மனிதக் கண்ணால் செய்ய முடியாத ஒரு வேலையை அது கண்ணிடம் ஒப்படைத்திருந்தது. அது முடியாத வேலை என்பது பத்து நாளில் இன்னும் வெளிச்சமாயிற்று.

1996 ஜனவரி 5, பிரிஸ்பேன், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். அன்று சர்வதேச அரங்கில் முதல் தடவை நடுவராக நின்ற ரொஸ் எமர்சனும் முரளியை மூன்று ஓவரில் ஏழு தடவை பிடித்தார். நொந்துபோன முரளி தன் ஓஃப் சுழலை விட்டு லெக் பிரேக் போட்டுப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பின்பக்கமாக வெளியேற்றுகிற அந்தப் பந்தை எறிவது நடைமுறையில் அநேகமாக நடக்காத காரியம். அதற்கும் 'நோ போல்'. 36 வருடத்துக்கு முன் கிரிஃபின் உருட்டிய பந்துக்கு நடந்ததேதான். ஆனால் கிரிஃபினுக்குக் கிடைக்காத ஒன்று முரளிக்குக் கிடைத்தது: அவரை அளந்து பார்க்க ஆய்வுகூடங்கள் முன்வந்தன.

பேர்த்திலுள்ள மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும், ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் முரளி பந்து போட்டார். அதிவேகக் கமராக்கள் பல கோணங்களிலிருந்து கையைப் படம்பிடித்தன. முடிவு இரு இடத்திலும் ஒன்றே. முழங்கை சட்டத்துக்கு மாறாக நிமிரவில்லை, நிமிர்வதுபோன்ற தோற்றம் கண்ணின் மயக்கம். மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியை நிமிர்த்திப் பிடித்துச் சுழற்றினால், கீழே நிற்கிறவருக்குக் கொக்கி ஒரு கணம் விரிந்து தெரியும், மறுகணம் தடியோடு மறைந்து நேராகிவிடும். கொக்கி அசையவே இல்லை, சுழன்றது தடிதான். முரளியின் மடங்கிய முழங்கையும் வேகமாகச் சுழல்கிற தோளின் முனையில் அப்படித்தான் விளையாட்டுக் காட்டியது. சர்வதேச கிரிக்கெட் பேரவை அவரை விடுவித்தது. மார்ச் 17ஆம் தேதி லாகூரில் இலங்கை அதே அவுஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது முரளி அந்த அணியில் இருந்தார். வழக்கு முடிந்ததென்று எல்லோரும் நினைத்தார்கள், எமர்சனைத் தவிர.

1999 ஜனவரி 23, அடிலெய்ட். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். பக்கவாட்டில் நின்ற எமர்சன் மறுபடியும் கையை விரித்தார். ரணதுங்க விரலை நீட்டி விவாதித்தார், பிறகு அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கே போய்விட்டார். கொழும்புக்குத் தொலைபேசி பறந்தது. கால் மணித்தியாலம் ஆட்டம் நின்றது. திரும்பி வந்த பிறகும் நடுவர் எங்கே நிற்பது என்று சண்டை. இங்கிலாந்து குவித்தது 302. இருபத்தொரு வயது மஹேல ஜயவர்தன 120 ஓட்டம் அடித்து அணியைக் கிட்டக் கொண்டுவந்து சேர்த்தார். ஒன்பது விக்கெட் போய், இரண்டு பந்து மீதமிருக்க இலங்கை வென்றபோது ஆடுகளத்தில் நின்ற கடைசி ஜோடியில் ஒருவர், அதே ஆட்டத்தில் கள்வன்போல் நிறுத்தப்பட்ட முரளி. எமர்சன் அதன்பிறகு சர்வதேச ஆட்டத்துக்கு நடுவராக நிற்கவில்லை. ரணதுங்க ஒழுக்க விசாரணைக்குச் சட்டத்தரணிகளோடு போனார். கிரிக்கெட் நிர்வாகிகளுக்கு அப்போதுதான் உறைத்தது, நடுவரின் கண்ணை வைத்து இனி நீதிமன்றப் படியேற முடியாது.

பேரவை அளவுகோலொன்றைத் தேடியது. ஓரளவு நிமிர்வு எல்லோருக்கும் இயற்கை என்று ஒப்புக்கொண்டு, சுழற்பந்துக்கு 5 பாகை, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 என்று எல்லை வகுத்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இலக்கங்கள் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது யாரையும் அளந்து வந்தவை அல்ல. அந்தக் குறை வெளியே வர முரளி ஒரு புதுப் பந்து கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

'தூஸ்ரா'. ஓஃப் சுழல் போலவே கையிலிருந்து புறப்பட்டு எதிர்ப்பக்கம் திரும்புகிற பந்து. 2004 மார்ச்சில் அவுஸ்திரேலியா இலங்கைக்கு வந்த தொடரின் முடிவில், ஆட்ட மத்தியஸ்தர் கிறிஸ் ப்ரோட் இந்தப் பந்தைப் பற்றி முறைப்பாடு எழுதினார். மறுபடி பேர்த். அளவு 14 பாகைக்குக் கிட்ட வந்தது. பயிற்சியில் குறைத்தும் 10ஐத் தாண்டியே நின்றது. சுழற்பந்தின் 5 பாகைக்கு முன் அது பச்சைக் குற்றம். தூஸ்ராவைப் போடவேண்டாம் என்று முரளிக்குச் சொல்லப்பட்டது. மே மாதம் ஹராரேயில் அவர் கோர்ட்னி வோல்ஷின் 519 விக்கெட் சாதனையைத் தாண்டினார். அதே மாதம் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட், முரளி எறிகிறார் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒரு நாட்டின் பிரதமர் 'நோ போல்' சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். முரளி அந்த வருட அவுஸ்திரேலியப் பயணத்துக்குப் போகமாட்டேன் என்றார்.

அந்த ஜூலையில் முரளி ஒரு காரியம் செய்தார். உருக்குக் கம்பிகள் வைத்த கவசமொன்றைக் கையில் பூட்டிக்கொண்டு, முழங்கையை அசைக்கவே முடியாத நிலையில் தொலைக்காட்சிக் கமராவுக்கு முன் பந்து போட்டுக் காட்டினார். ஓஃப் சுழல் வந்தது, தூஸ்ராவும் வந்தது. அவுஸ்திரேலியாவின் முன்னாள் துடுப்பாட்டக்காரர் மைக்கல் ஸ்லேட்டர் அந்தக் கவசத்தைத் தன் கையில் மாட்டி மடக்கப் பார்த்தார், முடியவில்லை. இன்னும் வேடிக்கையானது, கவசம் பூட்டிய கையும் பார்ப்பவர் கண்ணுக்கு எறிவதுபோலத்தான் தெரிந்தது. நம்பாதவர்கள் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அவர்களைத் தடுமாறவைத்தது முரளியின் கை அல்ல, அவர்களுடைய சொந்த நாயகர்களின் கை.

2004 செப்டெம்பரில் இங்கிலாந்தில் சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்துவீச்சாளர்களின் கைகளை அதிவேகக் கமராவில் பிடித்து அளந்தார்கள். மைக்கல் ஹோல்டிங், அங்கஸ் ஃப்ரேசர், டிம் மே, அரவிந்த டி சில்வா போன்ற பழைய ஆட்டக்காரர்கள் கொண்ட குழு அந்த முடிவுகளைப் பார்த்தது. ஹோல்டிங் அதுவரை இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். முரளியின் கைமீது சந்தேகம் உள்ளவர் என்பதும் ஊரறிந்தது. தாள்களைப் புரட்டிய குழுவுக்குக் கிடைத்தது முரளியைப் பற்றிய தீர்ப்பு மட்டுமல்ல. கிளென் மக்ரா 10 பாகையைத் தாண்டியிருந்தார். ஷோன் பொலாக் தாண்டியிருந்தார். கண்ணுக்கு அச்சில் வார்த்ததுபோலத் தெரிந்த கைகளெல்லாம் நிமிர்ந்துகொண்டிருந்தன. முழங்கை துளியும் நிமிராமல் போட்டவர் மேற்கிந்தியத் தீவுகளின் ராம்நரேஷ் சர்வான் ஒருவர்தான் என்று செய்திகள் கூறின. அவரோ துடுப்பாட்டக்காரர், எப்போதாவதுதான் பந்தைத் தொடுகிறவர்.

சட்டத்தை எழுத்துப்படி நடத்தினால் உலகத்துப் பந்துவீச்சாளர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டும். அதுவரை நடுவர்கள் பிடித்தது எறிந்தவர்களை அல்ல, பார்வைக்கு எறிவதுபோலத் தெரிந்தவர்களை. கிரிஃபினையும் மெக்கிஃபையும் நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. ஹோல்டிங் தன் கருத்தை மாற்றிக்கொண்டதை வெளிப்படையாகவே சொன்னார். அவர் மாறிய பிறகு குழுவுக்கு முன் ஒரே கேள்வி நின்றது. எல்லோருமே நிமிர்த்துகிறார்கள் என்றால், கோட்டை எங்கே போடுவது?

விடை கண்ணிடமிருந்தே வந்தது. எத்தனை பாகைக்குப் பிறகு முழங்கை நிமிர்வது வெறுங்கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது? சுமார் 15 என்றார்கள் ஆய்வாளர்கள். சுழலென்றும் வேகமென்றும் பிரிக்காமல் எல்லோருக்கும் 15 பாகை. மைதானத்தில் வைத்து ஆளைக் குறுக்குவிசாரணை செய்கிற வேலை இல்லை. சந்தேகம் வந்தால் நடுவர்கள் ஆட்டம் முடிந்தபின் எழுதிக் கொடுக்கவேண்டும், ஆய்வுகூடம் அளக்கவேண்டும், இலக்கம் தீர்ப்புச் சொல்லவேண்டும். 2005 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அந்த '15 பாகை'யைத்தான் இப்போது வானொலி வர்ணனையாளர் முதல் யாழ்ப்பாணத்து ஒழுங்கைப் பெடியன் வரை, கிரிக்கெட் பிறந்தபோதே கூடப் பிறந்ததுபோலச் சொல்கிறார்கள்.

முரளிக்காகவே சட்டத்தை வளைத்தார்கள் என்ற முணுமுணுப்பு உடனே கிளம்பியது. 2006இல் முரளி மறுபடி பேர்த்துக்குப் போய் அளந்து காட்டினார். எல்லாப் பந்தும் 15க்குள். 2010 ஜூலை 22ஆம் தேதி காலியில், தன் கடைசி டெஸ்டில், தான் போட்ட கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை மஹேலவின் கையில் பிடிகொடுக்கவைத்து 800ஐத் தொட்டார். யாழ்ப்பாணத்தில் முரளியைப் பற்றிப் பேசினால் பேச்சு சீக்கிரமே முழங்கையை விட்டு அரசியலுக்குப் போய்விடும். 2020இல் எதிர்ப்புக் கிளம்பியதால் அவருடைய வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலகிய கதையும் கூடவே வரும். அந்த வாதத்துக்கு இரு பக்கமும் ஆளுண்டு, அளக்கக் கருவி இல்லை. கையைப் பற்றி மட்டும் அங்கே இரண்டு கருத்துக் கிடையாது.

வளைத்ததாகச் சொன்ன சட்டம் யாரைக் கடிக்கும் என்பது 2014இல் தெரிந்தது. பேரவை திடீரென்று கண்டிப்பைக் கூட்டியது. ஜூலையில் இலங்கையின் சச்சித்ர சேனநாயக்க தடைபட்டார். செப்டெம்பரில், அப்போது உலகின் முன்வரிசைச் சுழற்பந்து வீச்சாளராயிருந்த பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் தடைபட்டார். அளக்கிற முறையைப் பற்றிப் பேரவையோடு முரண்பட்டு, இத்தனை வருடம் அளந்துவந்த மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமே விலகிக்கொண்டது. புதிய கூடங்கள் தேடப்பட்டன. அவற்றுள் ஒன்று சென்னை போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் அமைந்தது.

அங்கே வேலை நடக்கிற விதம் மைதானத்துக்குச் சம்பந்தமில்லாததுபோல இருக்கும். பந்துவீச்சாளரின் சட்டையைக் கழற்றி, தோள், முழங்கை, மணிக்கட்டு எலும்புகளின் மேல் ஒளியைத் திருப்பியடிக்கிற சிறு உருண்டைகளை ஒட்டுகிறார்கள். சுற்றிலும் நிற்கிற கமராக்களுக்கு ஆள் தெரிவதில்லை, அந்த உருண்டைகள் மட்டும் தெரிகின்றன. அவற்றின் நகர்விலிருந்து கணினி கையை முப்பரிமாணத்தில் கட்டியெழுப்புகிறது. மேல்கை கிடைமட்டத்தைத் தொடும் கணத்திலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் கணம்வரை முழங்கை எத்தனை பாகை நிமிர்ந்தது என்று கழித்துப் பார்க்கிறது. ஆட்டத்தில் போட்ட அதே வேகமா, அதே சுழற்சியா என்று ஒப்பிட்டும் பார்க்கிறார்கள், இல்லையென்றால் கூடத்துக்குள் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். பள்ளி மைதானங்களில் கைப்பேசியில் மெதுவேகப் படமெடுத்து, "பார், எறியிறான்" என்று காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கைப்பேசிக்கு இருப்பது ஒற்றைக் கண், ஒரே கோணம். ஹெயாரை ஏமாற்றிய அதே மயக்கம் அதற்குள்ளும் இருக்கிறது.

2019 ஓகஸ்டில் காலி மைதானத்தில் இலங்கைக்கும் நியூசிலாந்துக்கும் டெஸ்ட். ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் இரண்டு பெயரை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று நியூசிலாந்து அணித்தலைவர் கேன் வில்லியம்சன், எப்போதாவது ஓஃப் சுழல் போடுகிறவர். மற்றது இலங்கையின் அகில தனஞ்சய. அதற்கு முந்தைய டிசம்பரில் ஒரு தடவை தடைபட்டு, கையைத் திருத்திக்கொண்டு திரும்பியிருந்தவர். மைதானத்தில் யாரும் கையை விரிக்கவில்லை, எந்த அணித்தலைவரும் எல்லைக்கோட்டுக்கு நடக்கவில்லை, எந்தப் பிரதமரும் வாய் திறக்கவில்லை. ஓகஸ்ட் 29ஆம் தேதி தனஞ்சய சென்னைக் கூடத்தில் பந்து போட்டார். செப்டெம்பரில் முடிவு வந்தது. 15ஐத் தாண்டியிருக்கிறது, பன்னிரண்டு மாதம் தடை. வில்லியம்சனுக்கு அந்த வருடக் கடைசிக்குள் விடுதலை கிடைத்தது.